லோர்னா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த கதை

1

இந்தக் கதை நான் கற்பனை செய்தது அல்ல. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு லோர்னா, வேலிக்கு மேலாக என்னிடம் பீற்றிக்கொண்டது.

"எங்க டிஷ்வாஷர்ல தண்ணி ஒழுகிச்சு. என் ஆளே கண்டுபிடிச்சு, என் ஆளே சரி பண்ணிட்டான்!" என்று சொல்லிவிட்டு ஈரச் சட்டையைப் படாரென்று உதறினாள்.

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள எங்கள் இன்வர்கார்கில் ஊர் ஆட்கள் தற்பெருமை பேசி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது. தெற்கிலிருந்து வீசிய—"

விட்டுவிட்டேன். இந்த ஊரில் மழை ஒரு செய்தியே இல்லை.

இரண்டாவது: "ஆட்டு லாரி ஓட்டிய பலசாலி அலஸ்டர், இப்போது பாவம்—"

இதையும் அடித்தேன். 'பாவம்' என்ற சொல்லைப் பார்த்தால் லோர்னா வேலி தாண்டி வந்துவிடுவாள்.

நேராகவே சொல்கிறேன். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து லோர்னாவின் கணவன் அலஸ்டரின் வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, ஆனால் சில சொற்கள் இடம் மாறி வந்தன. சட்டைக்குப் பொத்தான் போடுவதும் தட்டில் இறைச்சியை நறுக்கித் தருவதும் லோர்னாதான். வீட்டுக்கு வந்தவர்கள் அவனை எதிரில் வைத்துக்கொண்டே அவளிடம், "இவருக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்பார்கள். நாளாக ஆக அவன் பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

ஒரு காலை சமையலறையில் டிஷ்வாஷருக்கு முன்னால் மறுபடி தண்ணீர் தேங்கி நின்றது. லோர்னா தரையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடறேன்."

"வேணாம். நான் பாக்கறேன்."

அந்த வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவள் போனை வைத்துவிட்டாள்.

3

கதவைச் சுற்றியுள்ள ரப்பரைத்தான் முதலில் சந்தேகப்பட்டான். தரையில் உட்கார்ந்து இடது கையாலேயே அதன் மடிப்பெல்லாம் அழுக்கெடுத்தான். ஓடவிட்டுப் பார்த்தார்கள். கதவின் இடது மூலையிலிருந்து மறுபடி கசிந்தது.

"ரப்பர்தான் போச்சு, கிழவா. புதுசு போடணும்."

"ரப்பர் இல்ல." சொற்களைத் தேடித் தேடி எடுத்தான். "தண்ணி ரொம்பினப்போ ஒழுகல. உள்ள... சுத்த ஆரம்பிச்சதும்தான் ஒழுகுது. எதுவோ கதவைப் பாத்து அடிக்குது."

மின்சாரத்தை நிறுத்தச் சொன்னான். கதவைத் திறந்து கீழ்த்தட்டை வெளியே இழுத்தான்.

"கரண்டி குடு."

அவள் கரண்டியைக் கொடுத்தாள். அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இது இல்லடி... வெளிச்சம் வருமே, அது!"

"அதுக்குப் பேரு டார்ச்சு."

"டார்ச்சைத்தான் கரண்டின்னேன். நீதான் புரிஞ்சுக்கணும்."

பக்கவாதத்துக்குப் பிறகு தன் சொல் தடுமாறியதற்கு அவன் சிரித்தது அன்றுதான்.

4

அடியில் சுழன்று தண்ணீரைப் பீய்ச்சும் பிளாஸ்டிக் கையைக் கழற்றப் பார்த்தான்.

(கை என்று எழுதியதும் உவமை ஒன்று தானாக வந்து எதிரில் நிற்கிறது. போ என்று விரட்டிவிட்டேன். இனி அது விசிறி.)

விசிறி லேசில் வரவில்லை. மேல்நோக்கி இழுத்துக்கொண்டே திருக வேண்டும். அவனுடைய ஒற்றைக் கை வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

இங்கேதான் எனக்கு லோர்னாமேல் சந்தேகம். இத்தனை நாள் பொத்தான் போட்டுவிட்டவள் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? வேலியருகே கேட்டேவிட்டேன்.

"நிஜமாவே சும்மா இருந்தியா?"

"ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு உக்காந்தேன். அவுத்தா ஓடிப்போய்ப் புடுங்கிடுவேன்னு எனக்கே தெரியும்" என்றாள். "என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான்."

'டொக்'கென்று விசிறி கழன்றது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் வாயில் விசிறியைப் பொருத்திப் பிடித்தான். மேலே உள்ள துளைகளில் தண்ணீர் வந்தது. பக்கவாட்டில், பிளாஸ்டிக்கை ஒட்டிய கோட்டில், தண்ணீர் வரக்கூடாத இடத்தில், ஒரு விரிசல். அதிலிருந்து நூல்போலப் பீறிட்டு நேராக அவன் முகத்தில் அடித்தது.

"மூஞ்சியெல்லாம் தண்ணி!"

"இருக்கட்டும்! இதுதாண்டி! இதேதான்!"

பழைய விசிறியை எடுத்துக்கொண்டு லோர்னா கடைக்கு ஓடினாள். கடைக்காரன் புதியதைத் தேடி எடுத்துக்கொண்டே, "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. எந்த மெக்கானிக்?" என்றான்.

"என் புருஷன்" என்றாள், பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

5

புதியதை அவனே மாட்டினான். கதவுக்கு முன்னால் செய்தித்தாளை விரித்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டான். லோர்னாவும் தரையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

மறுபடி ஒழுகுகிறது, அவன் உடைந்து அழுகிறா— இல்லை. சோகமாக முடித்தால் ஆழமான கதை ஆகிவிடும் என்ற என் பழைய ஆசை இது.

வலது கை மெல்ல அசைகிற— அதுவும் இல்லை. அந்தக் கை அசையவில்லை.

நடந்தது இவ்வளவுதான். உள்ளே தண்ணீர் சுழன்றது. இயந்திரம் ஓய்ந்தபின் அலஸ்டர் தாளைத் தூக்கி ஆட்டினான். மொறமொறவென்று சத்தம் கேட்டது. லோர்னா அவன் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"சரி, எழுந்திரு கிழவி."

"நீ மொதல்ல எழுந்திரு."

அவனால் முடியவில்லை. அவள் முழங்கால்களும் மறுத்துவிட்டன. இருவரும் அலமாரியில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எப்படித்தான் எழுந்தீர்கள் என்று கேட்டேன். லோர்னா அடுத்த சட்டையை எடுத்துக் கிளிப் மாட்டினாள்.

எனக்கும் அவர்களை எழுப்ப மனம் வரவில்லை. யார் முதலில் கை கொடுத்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை. தரை காய்ந்துதான் இருக்கிறது.