கல்லீரல் பாதை

மாடியில் மூத்த மருமகள், கீழே இளைய மருமகள். தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று தொடங்கிய சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. ரத்த அழுத்தம் மட்டும் இருவருக்கும் ஒற்றுமையாக ஏறியது. நாத்தனார் பார்த்தாள், ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவளை, ஒரே சீகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு கூடத்தில் வகுப்பு. "உடம்புக்குள்ள ஓடுற சக்திக்குப் பேரு 'சீ'. மூச்சை விடும்போது வாய்விட்டுச் சொல்லுங்க," என்றாள் டீச்சர்.

எதிரெதிரே உட்கார நேர்ந்த ஓரகத்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அடிவயிற்றிலிருந்து "சீ!" என்றார்கள்.

"அற்புதம்!" என்றாள் டீச்சர்.

அடுத்தது பாதப் பயிற்சி. கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே, கல்லீரலுக்குச் 'சீ' ஓடும் கல்லீரல் பாதையின் புள்ளி இருக்கிறதாம். கோபக்காரர்களுக்கு அங்கே அடைப்பு. அழுத்தினால் வலியில் உயிர் போகுமாம்.

இளையவள் மூத்தவளின் பாதத்தை மடியில் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மூத்தவளுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் கத்தினால் கோபக்காரி என்று ஆகிவிடுமே.

"வலிக்குதா?" என்று டீச்சர் கேட்டாள்.

"வலியா? சுகமா இருக்கு."

முறை மாறியது. மூத்தவள் முழங்கையையே இறக்கினாள். இளையவள் வியர்த்துக் கொட்டியபடி சிரித்தாள்.

"பாருங்க, கோபமே இல்லாத உடம்பு!" என்று டீச்சர் பூரித்துப்போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் முன்வரிசைதான். ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்தினார்கள், சிரித்தார்கள்.

ஒருநாள் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் செய்து காட்ட டீச்சர் தன் கால்களையே நீட்டினாள். முன்வரிசை ஓரகத்திகள் ஆளுக்கொரு பாதமாக எடுத்துக்கொண்டார்கள். கை பழகிய பழக்கம், அழுத்திவிட்டார்கள்.

"ஐயோ! விடுங்கடி! அறிவிருக்கா உங்களுக்கு?"

அதன்பின் டீச்சர் வாயிலிருந்து வந்தவற்றை எழுத முடியாது.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது இளையவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, டீச்சருக்குத்தான் அடைப்பு ஜாஸ்தி போல."

மூத்தவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "உனக்கு நிஜமாவே வலிக்கலையாடி?"

"உயிரே போச்சுக்கா."

"எனக்கும்தான்."

படியிலேயே உட்கார்ந்து இருவரும் காலைத் தேய்த்துக்கொண்டார்கள். முதலில் டீச்சரைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் நாத்தனாரைப் பற்றி. அதற்குத்தான் நேரம் போதவில்லை. மாடியிலும் கீழேயும் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்க வெகு நேரமாகிவிட்டது.