பதினோரு பாக ஆழத்தில் ஒரு மூச்சு

"உள்ள எங்கூட இன்னொருத்தன் மூச்சு வுடறான் மச்சான்," என்றான் தேசப்பன். செம்புத் தலைக்கவசத்தை அப்போதுதான் கழற்றியிருந்தார்கள். முகம் வெளிறிக் கிடந்தது. "லோகநாதன்தான். காதாண்ட, வேக வேகமா."

பக்தவச்சலத்துக்குச் சிரிப்பு வந்தது. சோதனைச்சாலையில் வாயுக்களை அளப்பவனிடம் பேய்க்கதையெல்லாம் செல்லுபடியாகுமா? ஜெர்மன் சண்டை ஓய்ந்த மறுவருஷம் அது. ராயபுரத்துக்கு அப்பால் பதினோரு பாக ஆழத்தில், அதாவது அறுபத்தாறு அடியில், மூழ்கிக் கிடந்த கப்பலில் செப்புத்தகடு எடுக்க இறங்கிய லோகநாதன், போன மாதம் பிணமாகத்தான் மேலே வந்தான். உடுப்பில் ஒரு கிழிசல்கூட இல்லை. இப்போது அந்த வேலை தேசப்பனுக்கு. அவன் மனைவி குணசுந்தரி, பக்தவச்சலத்தின் தங்கை, நிறைமாதக்காரி. "நீயும் கூடப் போண்ணா" என்று அவள் அழுததால்தான் பக்தவச்சலம் படகேறியிருந்தான்.

தேசப்பனைப் படகிலேயே கவசத்தோடு உட்காரவைத்து, பம்பைச் சுற்றச் சொல்லி, உள்ளிருந்த காற்றைப் பிடித்து அளந்தான். நூற்றில் மூன்று பங்கு கரியமில வாயு.

"இதுனால ஒண்ணும் ஆவாது. பயத்த வுட்டுட்டு எறங்கு மச்சான்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி தேசப்பன் மறுபடி இறங்கினான். தண்ணீரில் குமிழிகள் மட்டும் மிஞ்சின.

கணக்குப்புலி பக்தவச்சலம் சும்மா இருப்பானா? அந்த மூன்றை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பம்பின் வேகம் மாறாவிட்டால் ஆழத்திலும் நூற்றில் மூன்றுதான். ஆனால் அழுத்தம்? இங்கே ஒன்று, அங்கே மூன்று. பங்கு எவ்வளவு என்று உடம்புக்குத் தெரியாது. அந்த வாயு தன் பங்குக்குக் கொடுக்கும் அழுத்தம்தான் தெரியும். பங்கை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால், கரையில் நூற்றுக்கு ஒன்பதைச் சுவாசிப்பதற்குச் சமம். மூச்சு இரைக்கும், புத்தி கலங்கும். தேசப்பன் கேட்டது தன்னுடைய மூச்சையேதான்.

பம்புப் பக்கம் திரும்பினான். சக்கரம் பாதி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஏன்யா மெதுவா சுத்தறீங்க?"

"லோகநாதன் கீழ மூச்சு வுட்டுக்கினு கீறான்னு தேசப்பண்ணனே சொன்னாரே," என்றான் சக்கரம் சுற்றிய மண்ணாங்கட்டி என்பவன், தணிந்த குரலில். "பம்பு சத்தம் போட்டு அவன சீண்ட வாணாம்னுதான்."

காற்று பாதியானால் பங்கு இரட்டிப்பாகும். ஆறு. ஆழத்தில் அது பதினெட்டு. பக்தவச்சலம் பாய்ந்துபோய் கைப்பிடியைப் பற்றிச் சுழற்றினான். அதே நேரத்தில் தேசப்பனின் இடுப்பில் கட்டிய சைகைக் கயிற்றைப் பிடித்திருந்த திருமலை கத்தினான்:

"நாலு இழுப்பு! தூக்குங்கடா!"

தூக்கினார்கள். கவசத்தைக் கழற்றியபோது தேசப்பனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தான். பக்தவச்சலம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டான்.

"நல்ல வேளை, கயித்த இஸ்த மச்சான்."

"நானா?" தேசப்பன் திணறினான். "கை அசையவே இல்ல. நா கயித்தத் தொடல."

எல்லோரும் திருமலையைப் பார்த்தார்கள். கயிறு பிடிப்பவனுக்கு இறங்குகிறவனின் கை தெரியும். அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் இஸ்தா வெடுக்குனு இருக்கும். இது நீளமா, நெதானமா இருந்திச்சி. லோகநாதன் கை."

மண்ணாங்கட்டி எழுந்து, கவசத்திலிருந்து கழற்றிய காற்றுக்குழாயைக் கடலுக்குள் இறக்கினான். சக்கரத்தை முழுவேகத்தில் சுற்றத் தொடங்கினான்.

"பாவம், அவனும் காத்து இல்லாமத்தான போனான்," என்றான்.

பக்தவச்சலம் அவனைத் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.