லவினாவின் பிரெஞ்சு நோயாளிகள்

பெங்களூர் செல்லும் காலை ரயில் கோரமண்டல் நிலையத்தில் வந்து நின்றபோது, மூன்றாம் பெட்டியில் அன்றைய நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

“சீக்கிரம் ஏறு கண்ணு! ராத்திரி பூரா வலி தாங்கல,” என்று முனகினார், தினமும் அதே பெட்டியில் போகும் சரோஜம்மா. வலியைக் காட்டுவது அவருக்கு எளிதாக வந்தது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

லவினா நோட்டைத் திறந்தபடி எதிரில் உட்கார்ந்தாள். இன்னும் பதினாறு நாள். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ மத்தளம் கொட்டுவது போலிருந்தது அவளுக்கு.

பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான பி.யு.சி. படிக்கையில் அவள் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுத்தது, மதிப்பெண் மழையாகக் கொட்டும் என்று தோழிகள் சொன்னதால்தான். மதிப்பெண் கொட்டியது. ஆனால் நீட் தேர்வு இரண்டு முறை கையை விரித்துவிட்டது. பிறகு அதே பிரெஞ்சு பெங்களூரில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது; எங்கோ பிரான்சில் ஓடாமல் நின்றுபோன துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு இங்கிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் வேலை. அப்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. தென் பிரான்சின் மருத்துவக் கல்லூரி ஒன்று, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயல்நாட்டாருக்குப் பன்னிரண்டு இடங்களைக் கட்டணமில்லாமல் ஒதுக்கியிருந்தது. எழுத்துத் தேர்வில் அவள் தேறிவிட்டாள். எஞ்சியிருந்தது நேர்காணல். வயது வரம்பு இருபத்திரண்டு. அவளுக்கு இப்போது இருபத்திரண்டு. இதை விட்டால் வேறு வாசல் இல்லை.

நேர்காணலின் முதற்பாதியில் கேள்விகள். பிற்பாதியில் நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் மருத்துவராகப் பேசிக் காட்ட வேண்டும். பயிற்சிக்கு நோயாளியை எங்கே தேடுவது என்று அவள் கவலைப்பட்டபோது வழி சொன்னவர், பக்கத்து வீட்டு டென்னிஸ். அதே ரயிலில் பெங்களூர் போய் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

“பேஷன்ட்டுக்கா பஞ்சம்? இந்த டிரெய்ன்ல ஏர்றவன் பூரா பேஷன்ட்டுதான்மா.”

விதியையும் அவரே வகுத்தார். நோயாளி தன் வீட்டுப் பேச்சில் பேசலாம். லவினா பிரெஞ்சு தவிர வேறு பேசக் கூடாது. முடிவில், தனக்கு என்ன புரிந்தது என்று நோயாளி சொல்ல வேண்டும்.

அன்று அவள் குடல்வால் அழற்சியைப் பற்றி அழகான பிரெஞ்சில் விளக்கி முடித்தபோது, சரோஜம்மா முனகலை நிறுத்திவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்னா கண்ணு, நோட்டயே பாத்துகினு பேசற. வயித்து வலி எனுக்கா, நோட்டுக்கா?”

“ஆன்ட்டி, வாக்கியம் பெருசு. பாதியில மறந்துட்டா?”

“அப்போ சின்னதா சொல்லேன். நான் இன்னா பரீட்சையா வெச்சிகினு உக்காந்துகினு கீறேன்?”

பங்காருபேட்டையில் மமதா ஏறினார். தாலுகா அலுவலகமொன்றில் எழுத்தர். வீட்டுப் பேச்சு கன்னடம். அவருக்கு ஒதுக்கப்பட்ட நோய் இரத்தக் கொதிப்பு. லவினா பேசப் பேச, மமதா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மெல்லத் தலையசைத்து, “ஹௌது, ஹௌது” என்று ஆமாம் போட்டார். லவினாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. முகபாவத்திலேயே எல்லாவற்றையும் உணர்த்திவிட்டோம் என்று நினைத்தாள்.

“இன்னா புரிஞ்சுதுங்க மேடம்?” என்று கேட்டார் டென்னிஸ்.

“ஏனூ இல்லா!” என்றார் மமதா, சற்றும் தயங்காமல். “ஒண்ணுமே புரியலை. பாவம், இவ்ளோ கஷ்டப்பட்டு சொல்றாளே, மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டினேன்.”

பெட்டியே சிரித்தது. மாலூரில் ஏறிய புதிய பயணி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்ட சரோஜம்மாவைக் கண்டு பதறி, தம் பையிலிருந்த சோடா புட்டியை நீட்டினார். சரோஜம்மா அதை மறுக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு, “இவருதான் டாக்டரு,” என்றார்.

இப்படியே பதினாறு நாளும் கழிந்தன. சனிக்கிழமை பிற்பகல், கோரமண்டலில் லவினாவின் வீட்டு முன்னறையில் மடிக்கணினி திறந்திருந்தது. மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்று டென்னிஸ் தம் வீட்டு இன்வர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் காவலுக்கு நின்றார். அம்மா பாக்கியவதி குக்கரைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை.

“விசில் அடிச்சா பிரெஞ்சுக்காரன் பயந்துடுவான்,” என்று கிசுகிசுத்து, மகளின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு உள்ளே போனார்.

திரையில் மூவர். நடுவில் இருந்தவர் நரைத்த தலையும் கூரிய பார்வையும் கொண்ட பேராசிரியை. கேள்விகள் வந்தன, லவினாவின் விடைகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்த மணிகளாய் விழுந்தன. பேராசிரியையின் புருவம் வியப்பில் உயர்ந்ததை அவள் கவனித்தாள். மத்தளம் நெஞ்சில் இப்போது தாளத்தோடு ஒலித்தது.

பிறகு நோயாளி திரைக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண். வேற்று நாட்டிலிருந்து பிரான்சுக்கு வந்து துப்புரவு வேலை செய்பவராக நடிக்கிறார். சர்க்கரை நோய் முற்றியிருக்கிறது. நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவே செய்தி.

மயிலொன்று மருத்துவம் கற்றுக் காடு திரும்பியதாம். கால் ஒடிந்த முயல் எதிரில் வந்து நிற்க, மயில் முதல் வேலையாகத் தோகையை விரித்ததாம். முயல் வாய்பிளந்து வியந்ததாம். கால் மட்டும் ஒடிந்தபடியே இருந்ததாம். லவினாவும் அன்று தோகையைத்தான் விரித்தாள். பத்து நாள் பட்டை தீட்டி வைத்திருந்த, மூச்சு விடாமல் சொல்ல வேண்டிய நீண்ட வாக்கியத்தைப் பிசகின்றிச் சொல்லி முடித்தாள்.

“வி, வி,” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டபடி அந்தப் பெண் மெல்லத் தலையசைத்தார்.

லவினாவுக்குச் சுருக்கென்றது. ஐந்து மொழிகள் உரசிக்கொள்ளும் ஊரில் வளர்ந்தவள் அவள். இது புரிந்தவர் அசைக்கும் தலை அல்ல. சொல்பவரின் மனம் நோகக் கூடாதென்று அசைக்கும் தலை. இந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது!

ஒரு கணம் தடுமாறினாள். மூவரும் மதிப்பிட உட்கார்ந்திருப்பது அவளுடைய பிரெஞ்சை. அதைக் கீழே வைத்துவிட்டால் பன்னிரண்டு இடங்களில் ஒன்று கைநழுவலாம். ஆனால் எதிரே ஒரு முகம் அச்சத்தோடு புன்னகைத்துக்கொண்டிருந்தது.

கீழே வைத்தாள். நோட்டை மூடித் தள்ளினாள். “மன்னியுங்கள், நான் சரியாகச் சொல்லவில்லை,” என்று தொடங்கி, குழந்தையும் அறியும் சொற்களாகப் பொறுக்கி எடுத்தாள். இரத்தம். இனிப்பு. அதிகம். கண்ணைத் தொட்டுக் காட்டினாள். பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். ஊசி என்றதும் அந்தப் பெண் பின்வாங்க, லவினா தன் ஊர் வழக்கப்படி கேட்டாள்:

“உங்கள் வீட்டுப் பேச்சில் இதற்கு என்ன பெயர்?”

அந்தப் பெண் திகைத்து, ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார். லவினா திருப்பிச் சொன்னாள்; தவறாக. அவர் திருத்தினார். மறுபடி சொன்னாள், மறுபடி தவறு. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூன்றாம் முறை சரியாக வந்தபோது, அவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். நாளைக் காலை என்ன செய்வீர்கள்?”

அந்தப் பெண் உடைந்த பிரெஞ்சில், கைகளால் காட்டி, ஒன்று விடாமல் சொன்னார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

“செல்வி லவினா, இது மொழித் திறனுக்குமான தேர்வு. அவ்வளவு நல்ல பிரெஞ்சை ஏன் கைவிட்டீர்கள்?”

போயிற்று, என்று நினைத்தாள் லவினா. ஆயினும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அந்தப் பிரெஞ்சு உங்களுக்காகத் தயாரித்தது, அம்மையீர். நோய் உங்களுக்கு இல்லையே.”

பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டார். திரை அணைந்தது.

பதினொன்றாம் நாள் மாலை, திரும்பி வரும் ரயிலில், மின்னஞ்சல் வந்தது. லவினா அதை ஒரு முறை படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை படித்தாள்.

“இன்னாமா? கெடச்சிதா, இல்லியா? மூஞ்ச அப்படி வெச்சிகினா நாங்க இன்னான்னு எடுத்துக்கறது?” என்று அதட்டினார் டென்னிஸ்.

“சேத்துகினாங்க அங்கிள்! செப்டம்பர்ல வரச் சொல்றாங்க!”

சரோஜம்மா அவள் கன்னத்தை இரு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். மமதா பை முழுவதையும் துழாவி, கடைசியில் அகப்பட்ட ஒரே ஒரு சாக்லேட்டை அவள் வாயில் திணித்தார். அந்தச் சாக்லேட்டோடுதான் லவினா வீட்டுக்குத் தொலைபேசினாள்.

“அம்மா, எடம் கெடச்சிடுச்சி.”

எதிர்முனையில் கதவு திறக்கும் ஓசை. தெருவில் செருப்பில்லாமல் ஓடும் காலடி. கையில் தொலைபேசி இருப்பதையே மறந்துபோய், எதிர்வீட்டுத் தோழியைக் கூப்பிடும் அம்மாவின் குரல் கோரமண்டல் தெரு முழுக்கக் கேட்டது:

“ஈவ்லின்! ஏ ஈவ்லின்! வெளிய வாடி, எம்பொண்ணு டாக்டராகப் போறா!”