தொண்டை வீங்கிய குட்டிகள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் மரியநாயகம் வளர்த்த வெள்ளாடு இரண்டாம் முறையும் செத்த குட்டி போட்டது. உடம்பில் மயிர் இல்லை. தொண்டையில் கோழிமுட்டை அளவு வீக்கம்.

முதல் குட்டியும் அப்படித்தான். ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் சினையோடு வாங்கிவந்த ஆடு அது. அந்தக் குட்டியைப் புதைத்த கையோடு மரியநாயகம் ஒரு முடிவுக்கு வந்தான். வீக்கம் என்றால் உப்பை நிறுத்த வேண்டும். கால் வீங்கிய பிள்ளைத்தாய்ச்சிக்கு அதுதானே பத்தியம். புதிதாக வந்த ஆடு ருசிகண்டு நக்கத் தொடங்கியிருந்த கருவாட்டுக் கூடையைப் பிடுங்கி எறிந்தான். அடுத்த சினை பிடித்ததிலிருந்து வெறும் மரவள்ளி இலையும் தண்ணீரும்தான்.

அதோடு விட்டானா? அதே சமயம் அவன் மனைவி பிலோமினாவும் உண்டானாள். பயத்தில் அவளுக்கும் உப்பை நிறுத்தினான். மீன் கிடையாது, கருவாடு கிடையாது. ஐந்து மாதமாக அவள் சப்பென்று கஞ்சி குடித்தாள்.

இப்போது சாக்கின் மேல் கிடந்த குட்டியை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"உப்பை நிறுத்தியும் இதத்தானே போட்டுச்சு. எனக்கும்தான் நிறுத்தியாச்சு."

அதற்குப் பின் அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் கொட்டகையில் எண்ணெய்க் குவளையை எங்கோ வைத்துவிட்டுத் தேடினான். வீட்டுக்கு வந்தால் கண் அவள் கழுத்துக்கே போனது.

"என்னத்தத் தேடுறீங்க? தாலி அங்கதான் இருக்கு" என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டை விற்றுவிடக் கிளம்பினான். ரயில் கார்டு தெரிந்தவர், ஆட்டைச் சாமான் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். கிள்ளான் பாசாரில் கருவாடும் ஆடும் விற்கும் ஜெய்னுலாபுதீன் ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தார், மடியைப் பிடித்துப் பார்த்தார். ஏன் விற்கிறாய் என்று கேட்டார். மரியநாயகம் குட்டிகளைப் பற்றிச் சொன்னான், கூடையைப் பிடுங்கியதையும் சொன்னான்.

"மருந்தையே பிடுங்கிப் போட்டிருக்கியே அண்ணே" என்றார் ஜெய்னுலாபுதீன். "இங்க எல்லா ஆடும் என் கூடையத்தான் நக்குது. ஒண்ணாச்சும் இப்படிப் போட்டிருக்கா? கடல் சாமான்ல ஒரு சத்து இருக்காம், அயோடினாம். மாட்டு டாக்டர் சொன்னாரு. கடுகத்தனைகூட வேணாமாம். அதுவும் இல்லாட்டி, வயித்துக்குள்ளயே குட்டிக்குத் தொண்டை வீங்கிடுமாம்."

"பாதியில குடுத்தா சரியாவுமா பாய்?"

"ஆட்டுக்குத்தான் வயித்துல ஒண்ணும் இல்லையே லா. அடுத்த குட்டிக்குப் பார்த்துக்கலாம்."

"பாதியில குடுத்தா?"

ஜெய்னுலாபுதீன் அவன் முகத்தைப் பார்த்தார். அதை டாக்டர் சொல்லவில்லை என்றார். பிறகு விலை பேசவில்லை. ஒரு கட்டு கருவாட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஆட்டோடு திரும்பி வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்பு மூட்டினான். கருவாட்டைச் சுட்டு அவள் தட்டில் வைத்தான். தான் செய்தது தப்பு என்பதை ஒளிக்காமல் சொன்னான்.

பிலோமினா தட்டைத் தொடவில்லை. கை வயிற்றின் மேல் இருந்தது.

"அஞ்சு மாசம் போச்சே."

"இன்னும் நாலு இருக்கு."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருவாட்டைப் பிய்த்து முள்ளைக்கூட எடுக்காமல் வாயில் போட்டாள். மென்று முடிப்பதற்குள் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள்.