பூஜ்யம் காட்டிய தண்டு

பன்னிரண்டு மணிக்கு இறுதியாண்டுத் திட்டத்தின் வாய்மொழித் தேர்வு. ஒன்பதரை ஆகியும் எங்கள் கருவி பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எஃகுத் தண்டை முறுக்கி, அது எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்து காட்ட வேண்டும். எங்கள் அலெக்சாந்திரியாப் பொறியியல் கல்லூரியில் எத்தனையோ பேர் செய்து முடித்த வேலைதான்.

தண்டில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியது நான். ஒட்டிய திசையில் இழுபடுவதை அளக்கும் நகத்தளவு தகடு, அதை அடிமட்டம் வைத்து, தண்டின் நீளவாக்கில் நூல் பிடித்தாற்போல் ஒட்டியிருந்தேன். ஒயர் வேலை கூட்டாளி வக்தியுடையது. ஆகவே தப்பும் அவனுடையது என்று முடிவுகட்டி, காலையிலிருந்து அவனை வறுத்தெடுத்தேன். பாவம், மூன்று முறை பிரித்துப் பற்றவைத்துவிட்டான். இன்று தேறினால்தான் மின்யா ஆலையில் அவனுக்கு வேலை.

தேநீரும் பக்ஸுமாத் ரொட்டிக்குச்சியும் வாங்கி வந்து நீட்டினான். இருந்த எரிச்சலில் குச்சியைக் கடிக்காமல் முறுக்கினேன். உடைந்தது. நேர்குறுக்காக அல்ல, சாய்வாகச் சுருண்டு.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முறுக்கும்போது நீளவாக்கில் இழுப்பே கிடையாது. முழு இழுப்பும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் உட்கார்ந்திருக்கும்; குச்சி சாய்வாக உடைந்ததும் அதனால்தான். இந்தச் சாய்வைக் கணக்கிடத்தான் முதன்மைத் தகைவு என்று மூன்று வருடம் வட்டம் வட்டமாக வரைந்து மார்க் வாங்கியவள் நான்.

மிச்சமிருந்த ஒரே கேஜைச் சாய்த்து ஒட்டினோம். பதினொன்றே முக்காலுக்கு எண் துள்ளி ஏறியது.

பேராசிரியர் ரவூஃப் எங்கள் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, காலை முழுக்க ஏன் பூஜ்யம் என்று கேட்டார்.

"ஒயர்ல கோளாறு, டாக்டர். என் தப்பு" என்றான் வக்தி.

ஒரு நொடி வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன்.

"ஒயர் முதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்துச்சு, டாக்டர். கேஜை நேரா ஒட்டினது நான். அந்தத் திசையில இழுப்பே இல்ல. இல்லைன்னுதான் கருவியும் சொல்லிச்சு."

அவர் வக்தி பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏன்யா பழியை நீ ஏத்துக்கிட்டே? இவளைக் காப்பாத்தவா?"

"இல்ல, டாக்டர். காலையிலேர்ந்து அவ சொன்னதுல, நானே அப்படித்தான்னு நம்பிட்டேன்."

தேர்வுக்குழு சிரித்தது. இருவரும் தேறினோம். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.