அறிவித்தலில் இல்லாத கடை

பள்ளிவாசல் அறிவித்தலுக்கு விபரம் எழுத வந்த மோதினார் பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு, பெயரை எப்படிச் சொல்வது என்று வாசலில் நின்றபடியே கேட்டார்.

“பட்டதாரி ஸலாஹுதீன்,” என்றார் ஷரிபுதீன் அதிபர். “ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஷரிபுதீன்ட மகன். லுஹர் தொழுகைக்குப் பொறகு நல்லடக்கம். அது போதும்.”

உள்ளறையில் கணவரின் தலைமாட்டில் இருந்த றம்ஸியாவுக்கு அது கேட்டது. விடியக் கருக்கலில் கடைக்குப் புறப்பட்டவர், மோட்டார் சைக்கிளை முற்றத்துக்கு உருட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும், டொக்டர் கண்ணாடியைக் கழற்றியதும், திரும்பக் கொண்டுவந்து இந்தக் கட்டிலில் கிடத்தியதும் எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்திருந்தன. அவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

கணவரின் தங்கை றுமானாவை அவள் கைகாட்டி அழைத்தாள்.

“வாப்பாட்டச் சொல்லுங்க, அட்டாளைச்சேனைப் பள்ளிக்கும் அறிவிக்கச் சொல்லி. கோழிக்கட ஸலா என்டு சொன்னாத்தான் அங்க இரிக்கிற ஆக்களுக்கு விளங்கும்.”

றுமானா போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“அங்க நமக்கு ஆரும் இல்லயாம், மச்சி.”

மோதினாரின் சைக்கிள் மணல் ஒழுங்கையில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

இந்த வீடு றம்ஸியாவின் வாப்பா கட்டிக் கொடுத்தது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது இந்தக் கரையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மூத்த மகளான அவளுடைய ராத்தாவுக்குக் கிடைத்தது தகரக் கூரை. மாப்பிள்ளை பட்டதாரி என்பதற்காக இவளுக்கு ஓடு போட்டு, அறைக்கு அறை சீமெந்து பூசிக் கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தப் பட்டம் உழைத்துத் தந்தது இந்த ஓட்டுக் கூரையை மட்டும்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஸலாஹுதீன் அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்தார். மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் கூடாரம் அடித்து, பதாகை பிடித்து, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கேட்டுக் காத்திருந்தார். அடுத்த அரசாங்கம் கட்டாயம் தரும் என்று மாமா ஷரிபுதீன் ஒவ்வொரு முறையும் சொன்னார். பிள்ளைகள் பிறந்தார்கள். நியமனம் வரவில்லை.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கல்முனையில் ஒரு கோழிக்கடைக்குக் கூலிக்குப் போனார். அந்த வாரமே சொந்த ஊரான சாய்ந்தமருதிலிருந்து ஆட்கள் பஸ் ஏறிப்போய், கடைக்கு எதிரே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பீஏ படித்தவன் கோழி உரிக்கிறதைப் பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். அன்று மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மாமா வந்து, கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல், தன்னுடைய பெயர் இருக்கிற ஊர்ப்பக்கம் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் ஸலாஹுதீன் தெற்கே அட்டாளைச்சேனைச் சந்தையில் சொந்தமாகக் கடை போட்டார். ஊரில் யாரும் கேட்டால், மகன் ஒரு கம்பெனியில் இருப்பதாக மாமா சொல்லிக்கொண்டார்.

மகனும் குறைந்தவர் இல்லை. சந்தையில் ஒருவருக்கும் தான் படித்ததைச் சொல்லவேயில்லை.

“படிச்சவன் என்டா சிரிப்பாங்க, இல்லாட்டி இரக்கப்படுவாங்க,” என்று ஒருநாள் அவளிடம் சொன்னார். “ரெண்டும் யாவாரத்துக்குச் சரிவராது.”

கடைக்குப் போகும் வழியில்தான் அவர் படித்த பல்கலைக்கழகம் இருக்கிற ஒலுவில் சந்தி. ஒவ்வொரு நாளும் கம்பஸ் போறன், ஆனா இறங்கிறதில்ல என்று அதையும் பகிடியாக்குவார். பகிடி சொன்ன அன்று இரவு அதிகம் சாப்பிடமாட்டார்.

பள்ளியிலிருந்து அறிவித்தல் கேட்டது. பட்டதாரி ஸலாஹுதீன் என்று இரண்டு தரம் சொன்னார்கள். றம்ஸியாவுக்கு அது வேறு ஏதோ வீட்டு மௌத்துச் செய்தி போல இருந்தது. அதற்குள் றுமானா பேஸ்புக்கிலும் போட்டிருந்தாள். மாமா எடுத்துக் கொடுத்த படம் அது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, தாடி முளைக்காத, ஒட்டிய கன்னத்துப் பையன் ஒருவன் சுருட்டிய கடதாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கட்டிலில் கிடந்தவருக்கு நரைத்த தாடியும் தடித்த கழுத்தும் இருந்தன. நகக்கண்களில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை இருந்தது.

முற்றத்துப் பந்தலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்து நிறைந்தார்கள். மாமாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு, கதிரைகளில் அமர்ந்து மெல்லிய குரலில் கதைத்தார்கள். ஸலாஹுதீனைத் தேடி வந்தவர் என்று ஒருவரையும் அவள் காணவில்லை.

அப்போது தலையணைக்குக் கீழே அவருடைய போன் அடித்தது. முகம்மது தம்பி. கடைக்குப் பக்கத்தில் மரக்கறி விற்பவர். றுமானா வேண்டாம் என்று தலையசைத்தாள். கணவன் மௌத்தாகி இத்தா இருக்கத் தொடங்கிய பெண் அந்நிய ஆணோடு கதைப்பதா என்பது அவள் கண்ணில் இருந்தது. றம்ஸியா எடுத்தாள்.

“என்ன ஸலா, இன்னமும் பொஞ்சாதிட மடியிலயா? உன்ட கோழி வாங்கிற ஆக்கள் வந்து நின்டு என்ட தக்காளிய மிதிச்சிச் சம்பலாக்கிறாங்க. வாறயா, நான் உன்ட சட்டர உடைக்கவா?”

“நான் அவர்ர பொஞ்சாதி,” என்றாள். “அவர் மௌத்தாகிட்டார்.”

மறுபுறத்தில் சந்தை இரைந்துகொண்டிருந்தது. யாரோ கத்தரிக்காய்க்கு விலை கேட்டார்கள்.

“பட்டதாரி ஒருத்தர் மௌத்து என்டு போன்ல வந்திச்சி, தங்கச்சி,” என்றார் முகம்மது தம்பி. “இன்னாலில்லாஹி சொல்லிட்டுத் தள்ளி விட்டுட்டன். நம்மட ஸலா பட்டதாரியா?”

“ஓம்.”

“எனக்கிட்டச் சொல்லல்லயே.”

லுஹருக்கு அடக்கம், அதற்கு முன்னால் வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டு, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்த நேரத்தில் ஒழுங்கை முனையில் ஒரு லொறி வந்து நின்றது. மீன் பெட்டி ஏற்றுகிற லொறி. பின்னால் நெருக்கி நின்ற ஆட்கள் குதித்து இறங்கினார்கள். சாரத்தை மடித்துக் கட்டியவர்கள், செதில் ஒட்டிய கைகளைச் சட்டையில் துடைத்தவர்கள், எங்கோ இரவல் வாங்கிய தொப்பி காதுவரை இறங்கியவர்கள். வேலிப் படலையடியில் மாமா நின்றார். யன்னல் திரையின் இடுக்கால் றம்ஸியா பார்த்தாள்.

“சேர், இது கோழிக்கட ஸலாட வீடா?” என்று முகம்மது தம்பி கேட்டார்.

பந்தலில் பேச்சு நின்றது. மாமா கேட்டவரைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

“மையித்து உள்ளுக்கு இரிக்கி,” என்றார்.

அவர்கள் வரிசையாக வந்து முகம் பார்த்தார்கள். ஒரு மீன்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி விம்மினார். பொல்லாத கோபக்காரன், நேத்தும் எனக்கு ஏசினவன் என்று சொல்லிச் சொல்லி அழுதார். வெளியே ஒரு பழைய ஆசிரியர், படித்த பிள்ளைகளின் நசீபு இந்த நாட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று பொதுவாகப் பெருமூச்சு விட்டார்.

“கடைக்கி என்ன கொற, சேர்?” என்றார் முகம்மது தம்பி. “எங்கட சந்தையில நல்லா ஓடின கட அது.”

“அவன நான் கோழி வெட்டப் படிப்பிக்கல்ல.”

மாமாவின் குரல். அசம்பிளியில் பின்வரிசைக்கும் கேட்கப் பழகிய குரல். அது முற்றத்தைக் கடந்து, யன்னலைக் கடந்து, கட்டிலுக்கு வந்தது. கட்டிலடியில் நின்ற மீன்காரர் விம்மலை நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

றம்ஸியா எழுந்து திரைக்கு அருகே போனாள்.

“மாமா,” என்றாள். “மையித்துக்குக் கேக்கும்.”

மையித்தைக் கொண்டுபோகும் சந்தூக்கு வந்தது. தூக்கும்போது முன்காலை மாமா பிடித்தார். ஒழுங்கை திரும்புவதற்குள் தோள்கள் மாறிவிட்டன. சந்தைக்காரர்களின் தலைகளுக்கு மேலே சந்தூக்கு வேகமாகப் போனதை, மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வெறும் கட்டிலை யாரோ சுவரோடு நிமிர்த்திச் சாத்தினார்கள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பியபோது வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. முகம்மது தம்பி யன்னலுக்குப் புறங்காட்டி நின்று, கடைப் பூட்டின் திறப்பைக் கேட்டார். நேற்றுப் பின்னேரம் இறக்கிய கோழிகள் கூடுகளுக்குள் இருக்கின்றன, காலையிலிருந்து தண்ணீர் இல்லை, இந்த வெக்கையில் ஒவ்வொன்றாக விழத் தொடங்கிவிடும் என்றார். சொல்வதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து றம்ஸியா திறப்புக் கோர்வையை எடுத்து றுமானாவிடம் கொடுத்தாள். றுமானா வெளியே கொண்டு போனதும், கதிரையில் இருந்த மாமா கையை நீட்டினார். வாங்கித் தன்னிடம் தருவார் என்று முகம்மது தம்பி நின்றார். மாமா தரவில்லை. திறப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“இதில எது கடைட?”

முகம்மது தம்பி தொட்டுக் காட்டினார்.

“கட எவடத்த இரிக்கி?”

பந்தலில் மிச்சமிருந்த இரண்டு ஆசிரியர்களும் நிலத்தைப் பார்த்தார்கள்.

“சந்தைக்குள்ள, சேர். என்ட கடைக்கிப் பக்கத்துக் கட.”

மாமா திறப்புகளோடு எழுந்து லொறியடிக்குப் போனார். வெள்ளைச் சாரத்தில் முழங்கால் வரை அடக்கம் செய்த மையவாடியின் மண் ஒட்டியிருந்தது. லொறியின் முன்பக்கம் அவருக்கு உயரமாக இருந்தது. ஒரு காலை வைத்துத் தடுமாறியவரை, உள்ளேயிருந்து ஒரு கை பிடித்து இழுத்து ஏற்றியது.

கடைச் சட்டர் பாதியில் இறுகும். கீழே காலால் ஒரு உதை கொடுத்தால்தான் மேலே போகும். றம்ஸியா அதைச் சொல்ல யன்னலடிக்கு வந்தாள். லொறி ஸ்டார்ட் ஆகியது. முகம்மது தம்பிக்குத் தெரிந்திருக்கும் என்று திரையை இழுத்துவிட்டாள்.