கிட்டாரை நீக்கிய பாட்டு

பிரேமலா ஒரு கையால் அப்பாவின் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் இன்னொரு தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் செருகினாள். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. கொஞ்ச காலமாகவே உட்கார்ந்தபடிதான் தூங்கினார். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. விரலால் அழுத்தினால் விழும் குழி நெடுநேரம் அப்படியே கிடந்தது.

சன்னலுக்கு வெளியே புகைமூட்டம். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறதென்று நாலு நாளாகச் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோகூரின் பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் எதிர்வரிசை வீடுகளின் மாடி கண்ணுக்குத் தெரியவில்லை. காலை நேரம்தான் என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

அடுக்களையிலிருந்து பாட்டுக் கேட்டது. மகள் ரூபினி பசியாறிக்கொண்டே போனில் போட்டிருந்தாள். மெல்லிய கிட்டார், அதற்கு மேல் ஓர் ஆண்குரல், கூடவே ஒட்டிக்கொண்டு ஒரு பெண்குரல். ஆண்குரல் இதோ இந்தக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த சுகுமாறனுடையது. பெண்குரல் அவருடைய தங்கை சந்திரமதியுடையது.

பாலோ தோட்டத்தில் பிறந்த அந்த அண்ணனும் தங்கையும் எழுபதுகளின் கடைசியில் சுகு–மதி என்ற பெயரில் பாடினார்கள். உரக்கப் பாடத் தெரியாதவர்கள் என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தவர்கள்கூடப் பிறகு அந்தத் தணிந்த குரலுக்காகவே வானொலியைத் திறந்து வைத்தார்கள். ‘ரயில் நின்ற ஊர்’ என்ற பாட்டு ஜோகூர் முழுக்கக் கல்யாண வீடுகளில் ஒலித்தது. அதற்குப் பிறகு அவர்கள் பாடியவற்றை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. சந்திரமதி இருபத்தாறு வயதில், குளுவாங்கில் ஒரு மண்டபத்து மேடைப்படியில் ஏறும்போது விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. ரத்தம் குறைச்சல் என்றார்கள். அன்றோடு சுகுமாறன் கிட்டாரைத் தொடவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றார்.

இப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, இளவட்டங்கள் அவர்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். இணையத்தில் சுகு–மதி ரசிகர்கள் என்று ஒரு குழு. ‘ரயில் நின்ற ஊர்’ எல்லாருக்கும் தெரிந்தது, அதை விடு, யாரும் கேட்காத பாட்டைக் கொண்டு வா என்பதுதான் அவர்களுடைய பேச்சு. ஒருவர் பழைய ஒலிநாடாவைப் பதிவேற்றுவார். மறுநாள் இன்னொருவர் இசைத்தட்டைத் தேடிப் பிடிப்பார். ரூபினியும் அந்தக் குழுவில் சேர்ந்து, தான் பாடியதையும் போட்டிருந்தாள். தன் சின்னப் பாட்டியின் குரல் அப்படியே தனக்கு வந்திருக்கிறது என்று நாலு பேர் எழுதியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“அந்தப் பாட்டு வேணாம்னு சொல்லு,” என்றார் சுகுமாறன்.

“உங்க பாட்டுதாம்பா. நல்லாத்தானே இருக்கு.”

“இது பரவால்ல.” மூச்சு வாங்கினார். “இன்னிக்கு அந்தப் பையன் கொண்டாரது. அது வேணாம்.”

அந்தக் குழுவைச் சேர்ந்த திவாகரன் வருவதை யார் அவரிடம் சொன்னார்கள் என்று பிரேமலாவுக்குத் தெரியவில்லை. ரூபினியாகத்தான் இருக்கும். தாத்தாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

“ஏம்பா வேணாம்?”

அவர் கதவுப் பக்கம், அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திவாகரன் மதியம் வந்தான். சிங்கப்பூரில் வேலை, விடியற்காலையில் பாலம் தாண்டிப் போய் இரவு திரும்புகிறவன். இன்று விடுப்பு எடுத்திருந்தான். முகக்கவசத்தைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே தயங்கி நின்றான்.

“அங்கிளுக்கு முடியலன்னா நான் இன்னொரு நாளைக்கு வரேன் ஆண்ட்டி.”

“உள்ள வாங்க. சத்தமா மட்டும் வேணாம்.”

குளுவாங்கில் மூடிப்போன ஒரு கடையின் மாடியில் அந்த இசைத்தட்டு கிடைத்ததாம். ‘விளக்கணைத்த பின்’ என்று பெயர். சுகு–மதி கடைசியாகப் பதிவு செய்த பாட்டு; பாடியவள் மதி மட்டும். விற்பனைக்கே வரவில்லை. “தட்டு ரொம்பக் கீறல் ஆண்ட்டி. கிட்டார் வேற ரொம்ப சத்தமா இருக்கு, குரல அமுக்கிடுது. இப்பதான் அதுக்கெல்லாம் ஆப் இருக்கே. கிட்டார எடுத்துட்டு, அவங்க குரல மட்டும் தனியா வச்சிருக்கேன். நேத்து குரூப்ல போட்டேன். எல்லாரும் அழுதுட்டாங்க.”

“அப்பா வேணாம்னு சொல்றாரு,” என்றாள் பிரேமலா.

அவன் முகம் சுருங்கியது. தலையாட்டினான். பிரேமலா அவனுக்குத் தேநீர் கலக்க உள்ளே போனாள். ரூபினி அதற்குள் குழுவில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துவிட்டாள். காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க நினைத்தாள். போன் சுவரோரம் இருந்த ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை மறந்துபோனாள்.

வீடு முழுக்க சந்திரமதியின் குரல் கேட்டது.

பக்கவாத்தியம் எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. முதல் அடி தெளிவாக வந்தது. இரண்டாவது அடியின் நடுவில், ஒரு சொல்லை முடிக்காமலே அவள் மூச்சை இழுத்தாள். மீண்டும் பாடினாள். மீண்டும் இழுத்தாள். வாயால் இழுக்கிற மூச்சு; கடைசியில் ஒரு சின்ன இழுப்பு தனியாகக் கேட்டது.

பிரேமலாவின் கையில் தேநீர்க் கரண்டி நின்றது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். முன்னறையில் பாய் போட்டுப் படுத்து, எத்தனையோ நாள் அவள் கேட்டுக்கொண்டே கிடந்த சத்தம்தான் அது. இன்று காலையில்கூடக் கேட்டாள்.

“இந்த எடந்தான் ஆண்ட்டி,” திவாகரன் அடுக்களை வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னான். “இந்த மூச்சுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. எவ்ளோ உருகிப் பாடியிருக்காங்க பாருங்க.”

முன்னறையிலிருந்து கட்டில் கிரீச்சிட்டது. பிரேமலா ஓடினாள். சுகுமாறன் தலையணைகளை விட்டு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்து ரூபினி,” என்று கத்தினாள் பிரேமலா.

பாட்டு நின்றது. அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. அறை வாசற்படியில் வந்து நின்ற திவாகரனை அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

“அவளுக்கு மூச்சு பத்தல தம்பி,” என்றார். “உருக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. மூச்சு பத்தல. அது வெளிய தெரியக்கூடாதுன்னுதான் ஸ்டூடியோக்காரன் கிட்டார ஏத்தி வச்சான்.”



“டாக்டர்ட்ட காட்டலையாப்பா?” என்று கேட்டாள் பிரேமலா.

“காட்டினோம். ரத்தத்துக்கு மாத்திரை குடுத்தாங்க.” ஓய்வெடுத்தார். பின்னால் தயங்கி நின்ற ரூபினி மேல் அவர் பார்வை போயிற்று. “இவ பாட வேணாம்மா.”

“தாத்தா, நான் சும்மா…” என்று ஆரம்பித்த ரூபினி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“பாட வேணாம்,” என்றார் மறுபடி. அதற்கு மேல் சொல்ல வாய் திறந்தவருக்குக் காற்றுப் போதவில்லை. பிரேமலா அவரைத் தலையணையில் சாய்த்து நெஞ்சை நீவிவிட்டாள். தங்கையின் நினைவு அவரை வருத்துகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

திவாகரன் கிளம்பும்போது அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். வெளியே புகை இன்னும் கெட்டிப்பட்டிருந்தது. பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்தன.

அந்தி சாய்வதற்கு முன், பிரேமலா அவர் உதட்டில் ஈரத்துணியை வைத்துக்கொண்டிருந்தபோது, சுகுமாறன் ஒரு மூச்சை இழுத்தார். அது வெளியே வருவதற்காக அவள் காத்திருந்தாள். கணவன் ரூபேந்திரன் ஆலைச் சீருடையோடு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோதும், அவள் துணியைப் பிடித்தபடி காத்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, துணியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினான்.

மறுநாள் வீட்டின் முன்னால் பந்தல் போட்டார்கள். சொந்தக்காரர்கள் கொஞ்சம்பேர்தான். பாலோவிலிருந்து அப்பாவின் அத்தை மகள் வெள்ளையம்மா வந்தாள். ஆனால் தெரு நிறைய ஆட்கள். யாரென்றே தெரியாத பிள்ளைகள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சிலர் மலாக்காவிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஒருவரோடொருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எந்தப் பாட்டை யார் முதலில் கேட்டது, எந்தத் தட்டு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் பிரேமலாவின் காதில் விழுந்தது. எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்ததால் கண்கள் மட்டுமே தெரிந்தன. அத்தனை கண்களும் பெட்டியைப் பார்த்துவிட்டு ரூபினியைப் பார்த்தன.

“யாரும்மா இவங்கல்லாம்?” என்று கேட்டாள் வெள்ளையம்மா.

“அப்பா பாட்டு கேக்கறவங்க அத்தை.”

“அப்பவும் இப்படித்தான். மதி பின்னால ஒரே கூட்டம். மூணு மாசமா படியேற முடியலக்கா, மார்ல யாரோ ஒக்காந்திருக்க மாதிரி இருக்குன்னு எங்கிட்ட சொன்னா. கண்ணு பட்டுருச்சுன்னு சுத்திப் போட்டோம்.” வெள்ளையம்மா மூக்கைச் சிந்தினாள். “இவனுக்கும் கடைசில அதே மாதிரிதான் மூச்சு.”

பிரேமலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் யாரோ நெய்ப்பந்தத்துக்குக் குச்சி எங்கே என்று கேட்க, எழுந்து போக வேண்டியதாயிற்று.

சடங்கு செய்து வைக்கும் பண்டாரம் வரத் தாமதமானது. திவாகரன் ரூபேந்திரனிடம் வந்து ஏதோ கேட்டான். ரூபேந்திரன் தலையசைத்தான். பிறகுதான் பிரேமலாவுக்குத் தெரிந்தது, பெட்டிக்குப் பக்கத்தில் ரூபினியை நிறுத்தியிருந்தார்கள்.

“ஒரே பாட்டும்மா,” என்றான் ரூபேந்திரன். “பேத்தி பாடி அனுப்பட்டும்னு ஆசப்படறாங்க. நல்ல காரியந்தானே.”

அப்பா வேண்டாமென்றார் என்று சொல்ல நினைத்தாள். நேற்று அவர் சொன்னதை அவன் கேட்டிருக்கவில்லை. சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் ரூபினி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

விளக்கணைத்த பின்னும் நீ விழித்திருக்கிறாய்…

பந்தல் அடங்கியது. முதல் அடி தெளிவாக வந்தது. கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். இரண்டாவது அடியின் நடுவில், ஒரு சொல்லை முடிக்காமலே ரூபினி மூச்சை இழுத்தாள்.

கேட்டுப் பழகியதைத் திருப்பிப் பாடுகிறாள், அவ்வளவுதான் என்று பிரேமலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேற்று ஸ்பீக்கரில் கேட்ட அடுத்த அடி வந்தது. அந்த அடியில் சந்திரமதி மூச்சை இழுத்திருக்கவில்லை. ரூபினி இழுத்தாள். இரண்டு இடத்தில் இழுத்தாள். கடைசியில் அந்தச் சின்ன இழுப்பு தனியாகக் கேட்டது. பாடிக்கொண்டே ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படியே மதிதான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிரேமலா எழுந்தாள். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பாட்டு நின்றது. துக்கம் தாளாமல் பெற்றவள் போய்ப் பிடித்துக்கொண்டாள் என்று எல்லாரும் தலை குனிந்தார்கள். அவள் விரலுக்கு அடியில் நாடி ஓடியது, நின்றது, இரண்டு துடிப்பைச் சேர்த்து வைத்துத் துடித்தது.

“எத்தன நாளா?” என்று காதோரம் கேட்டாள்.

“என்னதும்மா?”

“மூச்சு வாங்கறது.”

ரூபினி தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். “மாடி ஏறுனாத்தான். இந்தப் பொகைனாலன்னு நெனச்சேன்.”

“பொகை அஞ்சு நாளாத்தான் இருக்கு.”

“பரீட்சை டென்ஷன்லா, ம்மா. சொன்னா நீங்க பயப்படுவீங்க. தாத்தாவும் முடியாம இருந்தாரு.”

பண்டாரம் வந்தார். சடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பிரேமலா வாய்க்கரிசி போட்டாள், பெட்டியைச் சுற்றி வந்தாள், எதற்கும் மகளை ஒரு கை தூரத்துக்கு மேல் விடவில்லை. ஆண்கள் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மின்சுடலைக்குப் போகும் வண்டிக்குப் பின்னால் ரசிகர்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. விளக்குகளைப் போட்டுக்கொண்டு அவை புகைக்குள் நுழைந்து மறைந்தன.

பெண்கள் வீட்டைக் கழுவத் தண்ணீர் பிடித்தார்கள். பிரேமலா மேசை மேலிருந்த கார்ச் சாவியை எடுத்தாள்.

“தலைக்கு ஊத்தாம எங்கம்மா கெளம்பற?” என்றாள் வெள்ளையம்மா.

“கிளினிக்குக்கு அத்தை.”

“சாவு வீட்டிலேர்ந்து நேராவா? ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடும்?”

பிரேமலா ரூபினியைக் காரில் ஏற்றினாள். வழியில் ரூபினி ஒருமுறை ரேடியோவைப் போடக் கை நீட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் கூட்டமில்லை. இளம் டாக்டர் ரூபினியின் நெஞ்சில் குழாயை வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

“எங்கப்பா நேத்து தவறிட்டாரு டாக்டர். இதயம்,” என்றாள் பிரேமலா. “அவரோட தங்கச்சி இருபத்தாறு வயசுல. அவங்களுக்கும் இதேதான்னு நெனக்கிறேன்.”

டாக்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அவர் குரலில் அவசரமில்லை. ஆனால் அவர் உட்காரவில்லை; நின்றபடியே பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

நர்ஸ் ரூபினியைப் படுக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள். “கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்,” என்று சொல்வது கேட்டது. பிறகு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

திரை கட்டிலின் முழு நீளத்துக்கும் எட்டவில்லை. மகளின் வெறும் பாதங்கள் வெளியே தெரிந்தன. ஒன்றின் அடியில், பெட்டியைச் சுற்றி வந்தபோது மிதித்த சாமந்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. பிரேமலா குனிந்து அதை எடுத்தாள். போட இடம் தெரியாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.